கேரி பேக்கில் நான் கொண்டுவந்த நோய்

எங்கள் குப்பத்தில் விவசாயப் படிப்பு படித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது கூச்சமே கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்வேன். நைனாவுக்குக் கடலை ஒட்டிய உப்பு ஏரியில் படகு. அம்மாவுக்கு இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற வேலை. அந்த வீட்டிலிருந்து போய், நெல்லுக்கு நோய் வராமல் செய்கிற படிப்பில் எம்.எஸ்சி. என்றால் சும்மாவா? கொஞ்சம் ஓவராகத்தான் ஆடினேன். அந்த ஆட்டத்தைத்தான் எழுதுகிறேன். பாதியில் டெலிட் பண்ணிவிடுவேனோ என்று பயம், அதனால் வேகமாக அடிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

குலைநோய் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பூஞ்சை. முதலில் நெல் இலையில் இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாக ஒரு புள்ளி வரும். மார்கழிப் பனி அதற்குக் கொண்டாட்டம். இலை காய்ந்த பிறகு கதிரின் கழுத்தைப் பிடிக்கும். பிடித்தால் கதிர் வெளியே வரும், ஆனால் உள்ளே அரிசி இருக்காது, பதர்தான். மருந்து அடித்து நிறுத்தலாம். மருந்தே வேண்டாம், பயிரே தாங்கட்டும் என்பதுதான் எங்கள் வேலை. நோய் தாங்கும் ஏதோ ஒரு காட்டு மாதிரியான நெல், அதைச் சமைத்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள். அதன் மகரந்தத்தை நம் ஆட்கள் விரும்பிச் சாப்பிடும் நெல்லின் பூவில் போட்டு, பிறந்த விதையை விதைத்து, அதிலிருந்து பொறுக்கி, திரும்ப விதைத்து, திரும்பப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக ஓட்ட வேண்டும். எனக்கு முன்னால் மூன்று சீனியர்கள் அதிலேயே கண் பூத்துப்போனார்கள். என் கைக்கு வந்தபோது நாற்பது வகை மிச்சம் இருந்தது. அதில் எது நிஜமாகவே தாங்கும் என்று வயலில் பார்த்துச் சொல்ல வேண்டியது என் பங்கு.

கல்லூரிப் பண்ணையில் ஒரு பக்கம் நடுவது உறுதி. இன்னொரு இடமாக விவசாயி ஒருவரின் வயலும் வேண்டும் என்றார் கைடு மேடம். நான் கையைத் தூக்கினேன்.

"எங்க ஊர்லயே பண்றேன் மேடம். ஏரி ஓரம், உப்புக்காத்து, செம டெஸ்ட்டா இருக்கும்."

"பண்ணு. ஆனா ஒண்ணு. பண்ணையில நாம நோயைத் தூவறோம், அதுக்குத் தனி இடம், தனி வேலி எல்லாம் இருக்கு. அடுத்தவங்க வயல்ல நோயை நீ கொண்டுபோகக் கூடாது. தானா வந்தா குறிச்சுக்கோ, வரலைன்னா வரலைன்னு எழுது. புரியுதா?"

புரிந்தது. ரொம்ப நன்றாகவே புரிந்தது.

அம்மா வழியில் ஒரே ஒரு துண்டு நிலம். தோணிரேவு ஊரிலிருந்து மேற்கே, ரோட்டைத் தாண்டி. தாத்தா அதைத் தன் சின்னப் பெண்ணுக்கு, அதாவது என் சின்னம்மாவுக்குச் சீராக எழுதிவைத்தார். சின்னம்மாவும் அம்மா மாதிரி ஏரியில் இறங்குகிறவள்தான். இறால், நண்டு எது கைக்குச் சிக்கினாலும் பிடிப்பாள். வயலைப் பார்த்துக்கொண்டது சித்தப்பா. அவர் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர். ஃபைபர் படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், தோள்பட்டை விலகிய பிறகு வலை இழுக்க முடியாமல் இந்தப் பக்கம் வந்து, முப்பது வயதுக்கு மேல் விவசாயம் கற்றுக்கொண்டார். முதல் இரண்டு வருஷம் களைக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் நெல்லைப் பிடுங்கிப்போட்ட கதையை அக்கம்பக்கத்து வயல்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அவரை 'கடலு' என்றுதான் கூப்பிடுவார்கள். "இன்னா கடலு, இன்னிக்கு அலை எப்படி?" என்று வரப்பில் நின்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாய்ச்சுவார். கடைசி நான்கைந்து வருஷமாக அவர் வயல்தான் அந்தப் பக்கத்திலேயே சீராக இருந்தது. ஆனாலும் கிண்டல் நின்றபாடில்லை.

நான் போய் ஒரு பட்டை இடம் கேட்டேன்.

"இன்னாத்துக்குடி உனுக்கு?" என்றாள் சின்னம்மா.

"நாப்பது வகை நெல்லு நடணும் சின்னம்மா. எது நோய் தாங்குதுன்னு பாக்கணும்."

"நாப்பதும் ஒரே மாதிரிதானே கீது?"

"எல்லாம் ஒரே அம்மா அப்பாவுக்குப் பொறந்ததுங்க. ஒண்ணொண்ணு ஒரு குணமா வரும்."

"நெல்லுக்குக் கல்யாணம் பண்ணிவச்சி நாப்பது புள்ள பெத்துட்ட. உனுக்கு எப்போ?"

சித்தப்பா சிரிக்கவில்லை. விதைப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மடையாண்ட நட்டுக்கோமா. தண்ணி மொதல்ல அங்கதான் ஏறும்" என்றார். வயலிலேயே நல்ல இடத்தை எனக்குக் கொடுத்தார். நாற்று நடும்போது நாற்பது வகைக்கும் நாற்பது குச்சி செதுக்கி, பெயின்ட்டில் நம்பர் எழுதி, வளையாமல் நட்டதும் அவர்தான். நான் வரப்பில் நின்று போட்டோ எடுத்தேன்.

மழை நன்றாகப் பெய்தது. பயிர் அநியாயத்துக்கு நன்றாக வந்தது. மார்கழி பிறந்தும் ஒரு இலையில் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லோரும் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. நோய் வராவிட்டால் நாற்பதும் பச்சையாகத்தான் நிற்கும். எது தாங்கும், எது தாங்காது என்று எப்படித் தெரியும்? கூடப் படித்த இன்னொருத்திக்கு அவள் ஊரில் நோய் தானாகவே வந்துவிட்டது. தினமும் குரூப்பில் புள்ளி விழுந்த இலையைப் போட்டு ஸ்மைலி விடுவாள். என் வயலுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. மேடம் சொன்ன மாதிரி 'வரவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அந்த ஒரு வரி எனக்கு அசிங்கமாகப் பட்டது.

கல்லூரிப் பண்ணையில் நோய் தூவுகிற வேலை போய்க்கொண்டிருந்தது. நோய் பிடித்துக் காய்ந்த நெல் தாளை நறுக்கி, சீக்கிரம் சாகிற ஒரு வகையைச் சுற்றிலும் நட்டு, அதன் மேல் தூவுவார்கள். அதில் நறுக்காத வைக்கோல் தாளாக ஒரு கட்டு எடுத்து, துணிக்கடை கேரி பேக் ஒன்றில் திணித்து, முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நண்டு கொண்டுபோகிற ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா பாப்பா, ஊருக்குத் தீனியா?" என்றாள். "ஆமாக்கா" என்றேன்.

சித்தப்பா இல்லாத நேரமாகப் பார்த்து வயலில் இறங்கினேன். என் வரிசைகளுக்கு நடுவே தாளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஈரம் காயாமல் இருக்கக் கிழிந்த இறால் வலை ஒன்றை நான்காக மடித்து மேலே போட்டேன். என் பட்டைக்குள்ளேயே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். காற்றுக்கு வரப்பு ஏது என்று பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியவள்தான் நான்.

இரண்டு நாள் கழித்துப் போனால் வலை கிடக்கிறது, வைக்கோல் இல்லை.

சின்னம்மாவிடம் ஓடினேன். அவள் வாசலில் நண்டுகளின் கொடுக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் உயிர் நண்டைக் கூடையில் அடுக்கி, மேலே ஈர வைக்கோல் போட்டு மூடுவார்கள். ஈரம் இருந்தால்தான் நண்டு ஏலம் போடுகிற இடம்வரை உயிரோடு இருக்கும். ஈரமாக ஒரு பிடி வைக்கோல் எங்கே கண்ணில் பட்டாலும் எங்கள் பெண்கள் கை அதை விடாது. நானே சின்ன வயதில் ஊரெல்லாம் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவு தெரிந்தவள், வயலில் வைக்கோலை நனைத்து, வலையும் போட்டு மூடிவைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"சின்னம்மா, என் நெல்லுக்கு நடுவுல கொஞ்சம் வைக்கல் இருந்துச்சே?"

"அதுவா? நண்டு மேல போட்டேன். ஜில்லுனு நல்லா இருந்துச்சிடி. இன்னும் கொஞ்சம் கீதா?"

"இப்போ எங்க?"

"நண்ட வித்துட்டு வர்ற வழியில நம்ம வரப்பு மேல ஒதறிட்டு வந்தேன். மக்கிப் போவட்டும்னு. இன்னாத்துக்குக் கேக்கற, தங்கமா அது?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறுநாளே மருந்து வாங்கி வயல் முழுக்க அடித்திருக்கலாம். நின்றிருக்கும். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும், அதுதானே என் படிப்பு. ஆனால் மருந்து அடித்தால் என் நாற்பது வரிசைக்கும் படும், என் டேட்டா காலி.

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்" என்றேன். ஒரு நண்டை எடுத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாளில் புள்ளி வந்தது. வரப்பு ஓரம் நீளமாக முதலில் காய்ந்தது. சின்னம்மா உதறிக்கொண்டே நடந்த வழி அப்படியே கோடாகத் தெரிந்தது. பிறகு பனி எடுத்துக்கொண்டது. பொங்கல் கழிந்தபோது வயல் முழுக்க யாரோ அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளி இறைத்த மாதிரி இருந்தது. சித்தப்பா தானாகவே கடையில் கேட்டு ஏதோ மருந்து வாங்கி அடித்தார். அதற்குள் கதிர்க் கழுத்தைப் பிடித்துவிட்டது.

என் பட்டையில் முப்பத்தைந்து வகை செத்தது. ஐந்து நின்றது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, அந்த ஐந்து வரிசை மட்டும் பச்சையாக, கதிர் தலை சாய்த்து நின்றது. பக்கத்து வயல்காரர்கள் வந்து பார்த்தார்கள். "படிச்ச பொண்ணு நெல்லு மட்டும் எப்படி நிக்கிது பாரு" என்றார்கள். எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. இதையும் மறைக்கப்போவதில்லை.

சின்னம்மா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள். எல்லாம் பறந்துபோனது. கையில் மூன்று மணி மிச்சம்.

"இன்னாடி ஆச்சி இதுக்கு? நீதானே படிச்சவ, சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பாவும் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"யூரியா ஜாஸ்தியாயிடுச்சி. யூரியா அதிகமானா இந்த நோய் புடிச்சிக்கும்."

இது புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். அவர் யூரியா போட்டதும் நிஜம்தான், பயிர் வெளிறியதாகத் தெரிகிறது என்று இரண்டாம் முறை கொஞ்சம் போட்டார். எல்லோரும் போடுகிற அளவுதான். ஆனால் நான் சொன்ன உடனே வரப்பில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். "அதானே பாத்தேன். கடலு வலைய வீசறா மாதிரி யூரியாவ வீசிட்டாரு."

"யோவ், உனுக்கு எவன்யா அவ்ளோ போடச் சொன்னது?" என்று சின்னம்மா அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள். "கடல்ல கெடந்தவனுக்கு எதுக்குயா கழனி? எங்கப்பா குடுத்த நெலத்த கருக்கிட்டியே!"

சித்தப்பா திரும்பினார். என்னைப் பார்த்து, "ஜாஸ்தியா போட்டுட்டேனாம்மா?" என்று மட்டும் கேட்டார். சண்டைக்கு இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு அவர் வயலுக்குப் போகவில்லை. அறுவடைக்கும் போகவில்லை. கிடைத்தது விதைக்குக்கூடத் தேறாது. வைக்கோல் மட்டும் ஒரு போர் அளவுக்குக் கிடைத்தது. அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் ரேஷன் அரிசி. சித்தப்பா தெருமுனை வேப்பமரத்தடியில் ஏரிக்காரர்களோடு உட்கார்ந்து அவர்கள் வலையைத் தைத்துக்கொடுத்தார். சாப்பிட உட்கார்ந்தால் சின்னம்மா, "யூரியா போடட்டா சாம்பாருல?" என்பாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ஊர்ப் பிள்ளைகள் அவருக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள். 'கடலு' போய் 'யூரியா' வந்தது.

கல்லூரியில் நான் அந்தப் போட்டோவைத் திரையில் போட்டேன். காய்ந்த வயல், நடுவில் ஐந்து பச்சைக் கோடு. ஹாலே கைதட்டியது. "இவ்ளோ நல்ல நோய்த்தாக்கம் எப்படிக் கெடச்சுது?" என்று மேடம் கேட்டார். "நேச்சுரல், மேடம்" என்றேன். போட்டோவின் ஓரத்தில் சித்தப்பா பாதி உடம்பாக நின்றிருந்தார். அதை முந்தின நாளே கிராப் பண்ணப் பார்த்தேன். பண்ணினால் ஒரு பச்சை வரிசை போய்விடும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஆடி மாதம் லீவில் வந்தபோது அம்மா சொன்னாள். "நெலத்த உங்க மாமாகிட்ட வுடப்போறா உங்க சின்னம்மா. ஞாயித்துக்கெழம வந்து பேசி முடிச்சிக்கினு போறாரு. உங்க சித்தப்பாவுக்கு இனிமே அங்க வேலை இல்ல."

மாமா என்றால் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணன். எளாவூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கிறவர். நல்லாவே பார்த்துக்கொள்வார். அதுதான் பிரச்சினை. ஒருமுறை கை மாறினால் சித்தப்பா திரும்ப அந்த மடையைத் திறக்கப்போவதே இல்லை. சனிக்கிழமை காலை முழுக்க போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சொல்லாமல் ஹாஸ்டலுக்கு ஓடிவிடலாம் என்று பஸ் டைம்கூடப் பார்த்தேன். பிறகு எழுந்து ஏரிக்குப் போனேன். தைரியம் வந்ததால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, "இன்னாமா, யூரியாதானே காரணம்?" என்று என்னிடம் கேட்பார், நான் திரும்பத் தலையாட்ட வேண்டியிருக்கும். அந்தத் தலையாட்டலை நினைத்தே போனேன்.

சின்னம்மா இடுப்பளவு தண்ணீரில் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தாள். ஓலையில் முடைந்த பறிக் கூடையைக் கழுத்தில் தொங்கவிட்டு, அதன் விளிம்பைப் பல்லில் கடித்திருந்தாள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் வாய் திறந்திருக்க அப்படித்தான் கடிப்பார்கள். ஆகவே அவளால் பேச முடியாது. நான் சுடிதாரோடு இறங்கிப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கேரி பேக், பஸ், வலை, வைக்கோல், மருந்து அடிக்கச் சொல்லாதது, யூரியா. அவள் கை நிற்கவே இல்லை. ஒரு இறால், இன்னொரு இறால். பறிக்குள் விழுந்துகொண்டே இருந்தது. நான் முடித்த பிறகும் ரெண்டு மூணு பிடித்தாள். பிறகு நிமிர்ந்து பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்போ கருக்குனது என் கைதானா?"

"இல்ல சின்னம்மா, நான்தான். உனக்குத் தெரியாதே."

"அந்தாள நான் எத்தினி பேர் எதுர்ல, எப்படிலாம் பேசிக்கீறன்..." ஏரியைப் பார்த்து நின்றாள். பிறகு, "என் காதுல வந்து இன்னாத்துக்கு ஊதற? எல்லார் எதுர்லயும்தானே சொன்ன. போ, அங்கயே போய் சொல்லு" என்றாள். திரும்பப் பறியைக் கடித்துக் குனிந்துவிட்டாள்.

ஈரத் துணியோடு வேப்பமரத்தடிக்குப் போனேன். ஐந்தாறு பேர் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா டாக்டரு, குளிச்சிட்டு வர்றியா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் சித்தப்பாவுக்கு எதிரே நின்று சொன்னேன். இந்த முறை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது, குரல் கீச்சென்று வந்தது. கிண்டல் பண்ணியவர் ஊசியை நிறுத்திவிட்டார்.

சித்தப்பா வலைக் கண்ணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நான் போட்ட யூரியா அளவு கரெக்ட்டா?"

"கரெக்ட்டுதான் சித்தப்பா."

"தெரிஞ்சே சொன்னியா?"

"ஆமா."

நூலைப் பல்லால் அறுத்தார். "அந்த நோய் வைக்கல்ல எத்தினி நாளைக்கி இருக்கும்?" என்றார்.

அதைக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. நானே யோசித்திருக்க வேண்டியது. அந்த வயலின் வைக்கோல் போர் வீட்டுப் பின்னால் அப்படியே நின்றது. ஆறு மாதமாகத் தெருப் பெண்கள் எல்லாம் நண்டுக் கூடைக்கு அதிலிருந்துதான் உருவிக்கொண்டு போகிறார்கள். மழை வந்தால், நாற்று விட்டால், திரும்ப முதலிலிருந்து.

"அடுத்த பயிர் வரைக்கும் இருக்கும்" என்றேன்.

அவர் எழுந்தார். அன்று மத்தியானமே போரைக் கொளுத்தினோம். அவர் கொளுத்தினார், நான் வீடு வீடாகப் போய் மிச்ச வைக்கோலைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் எதற்கு என்று கேட்டார்கள், ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். ஒரு அக்கா, "அடிப்பாவி, படிக்கிறேன்னு போய் நோயவா வாங்கியாந்த?" என்றாள். இன்னொருத்தி வைக்கோலை என் காலடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அம்மா தெருவில் வைத்தே என் முதுகில் ஒன்று வைத்தாள். மறுநாள் மாமா வந்து டீ குடித்துவிட்டு, நிலத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் போனார்.

மேடத்துக்கும் போன் பண்ணினேன். அந்த வயலின் எண்கள் மொத்தத்தையும் தீசிஸிலிருந்து நீக்கச் சொன்னார். ஒரு வருஷம் பின்தங்கினேன். நின்ற ஐந்து வகையும் பண்ணையில் திரும்பச் சோதனைக்குப் போயின. அதில் நான்கு இன்னும் நிற்கிறது. நல்ல நெல். அதை நினைத்தாலும் எனக்குச் சந்தோஷம் முழுசாக வருவதில்லை.

சித்தப்பா திரும்ப வயலில் இறங்கினார். சின்னம்மாதான் அவர் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள், மன்னிப்பு என்று வாயால் கேட்டதாகத் தெரியவில்லை. என்னிடம் இருவரும் சாதாரணமாகத்தான் பேசுகிறார்கள். சாப்பிட்டியா, எப்ப வந்த, மெலிஞ்சிட்டியே. வயல் பேச்சு மட்டும் நான் வந்தால் நின்றுவிடும்.

போன கார்த்திகையில் ஊரிலிருந்து கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றிருந்தார். சலவைச் சட்டை. கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே வேரோடு பிடுங்கிய ஒரு நெல் தூர்.

"எங்க சித்தப்பா?"

"பொன்னேரி. வெவசாய ஆபீசுல காட்டலாம்னு. எலை ஒரு மாதிரி கீது."

"எங்கிட்ட காட்டியிருக்கலாமே."

அவர் கவரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கோபம் எல்லாம் இல்லை. "நீ படிக்கிற புள்ள, உனுக்கு ஆயிரம் வேல. அவங்க பாத்துச் சொல்லுவாங்க" என்றார்.

கவர் வழியாகவே தெரிந்தது. இலை நீளவாக்கில் மடிந்து, ஓரம் வெள்ளையாகச் சுரண்டியிருந்தது. இலைச்சுருட்டுப் புழு. பூஞ்சை நோய் எதுவும் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. சொன்னால் அவருக்குப் பஸ் பயணம் மிச்சம். சொல்ல வாயெடுத்தேன். சொன்னாலும் அவர் பொன்னேரி போய்க் கேட்டுவிட்டுத்தான் வருவார் என்று தோன்றியது, அது நியாயம்தான் என்றும் தோன்றியது. பஸ் வந்தது. அவர் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, இலை நசுங்காமல் கவரை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். பக்கத்து சீட் காலியாக இருந்தது. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.